என் வாசல் மணலில் ஒரு பிரசவம்

ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் குடித்தனம் குட்டிச்சுவராகிவிடும் என்று முழுசாக நம்பியவன் நான். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் பகலெல்லாம் தகடு புரட்டுகிற ஐம்பது வயது ஆள், ஒரு ஆமையைப் பார்த்துக் கட்டில் மேல் ஏறி நின்றான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரியுங்கள். என் மனைவி இன்னும் சிரிக்கிறாள்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, தை மாதத்தில் ஒரு விடியற்காலை. திருவொற்றியூரில் கடலோரக் குப்பம் ஒன்றில் எங்கள் வீடு. நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு வரிசை வீடுகள் இருந்தன. அதற்கும் அப்பால் கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு மணல் கிடந்தது. எல்லாவற்றையும் கடல் வருஷத்துக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டது. இப்போது கருங்கல் தடுப்பு, அதில் படகு ஏற்றுவதற்கு ஒரு சந்து, சந்துக்கு எதிரே எங்கள் வாசல். மழைக்காலத்தில் அலை உள்ளேயே வந்துவிடுவதால், தரையை உயர்த்த ஒரு லோடு மணல் வாங்கி வாசலில் கொட்டியிருந்தேன்.

பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தேன். மணல் மேட்டில் ஏதோ அசைந்தது. குனிந்தேன். ஒரு பிடி மணல் முகத்தில் வந்து விழுந்தது. வாஷிங் மெஷின் மூடி அளவுக்கு ஓர் ஆமை, பின்கால்களால் குழி தோண்டிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி நான் வாயில் பிரஷ்ஷோடு கட்டில் மேல் நின்றேன்.

"குடும்பம் போச்சுடி! வாசல்ல ஆமை வந்துகீது!"

மனைவி கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "அது வர்றதுக்கு முன்னாடி மட்டும் ஜோரா வாழ்ந்துகினு இருந்தமாக்கும்? எறங்குயா, கட்டில் ஒடிஞ்சிடும்."

உள்ளே வருவதற்குள் விரட்டிவிட வேண்டும் என்று துடைப்பத்தோடு போய் ஓங்கினேன். மீன் ஏலத்துக்குக் கூடையோடு கிளம்பிய பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார்.

"இன்னா நைனா, பிரசவத்துக்கு வந்த பொம்பளைய தொடப்பத்தால அடிப்பியா நீ?"

எட்டிப் பார்த்தேன். குழிக்குள் வெள்ளை வெள்ளையாக முட்டைகள் விழுந்துகொண்டிருந்தன.

"ஏங்க்கா, கடலாண்ட போடாம என் வூட்டாண்ட இன்னா வேலை அதுக்கு?"

"கடலாண்ட மணலு எங்க கீது? கல்லு தான கீது. இது இந்தக் கரையில பொறந்ததா இருக்கும். பொறந்த எடத்தத் தேடிகினு தான் வரும். ஊருக்கே உன்னாண்ட மட்டும் தான் மணலு கீது, வந்துட்ச்சி."

துடைப்பம் தானாகத் தாழ்ந்தது. ஆமை குழியை மூடி, மேலே தட்டிச் சமன் செய்து, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் சந்து வழியாகக் கடலில் இறங்கியது. போன கையோடு தெரு நாய்கள் இரண்டு மோப்பம் பிடித்து வந்தன. அவற்றைத் துரத்தி முடிப்பதற்குள், மணலை வாரிப் போட மம்பட்டியோடு கொத்தனார் வந்து நின்றார். அன்றைய இரண்டாவது பீதி.

"மண்ணத் தொட்ட, மண்டை ஒடஞ்சிடும்!" என்று கத்தினேன்.

"மாமு, சீக்கிரம் வா சீக்கிரம் வான்னு நேத்து நீ தான உசுர வாங்குன? இன்னா ஆச்சு உனுக்கு?"

ஆமையை அடிக்க எடுத்த அதே துடைப்பத்தோடு மணல் மேட்டுக்குக் காவல் உட்கார்ந்தேன். ஆமை முட்டைகளைப் பாதுகாக்கும் ஆட்களுக்கு அக்கா போன் போட்டார். அவர்கள் வரப் பத்து மணியானது. அதுவரை மார்க்கெட்டுக்கும் போகவில்லை, வாயும் கொப்பளிக்கவில்லை.

அவர்கள் கையாலேயே தோண்டி, ஈர மணலோடு முட்டைகளைப் பையில் எடுத்துக்கொண்டு, மணல் மிச்சமிருக்கும் வேறொரு கரையில் வேலி போட்டுப் புதைத்தார்கள். மேலே நிழலுக்குத் துணி கட்டினார்கள். வெயில் ஏற ஏற மணலும் கொதிக்கிறது, சூடு கூடினால் எல்லாம் பெண் குஞ்சாகவே பொரியும், இன்னும் கூடினால் முட்டை உள்ளேயே வெந்துபோகும் என்று ஒருவர் சொன்னார்.

பங்குனியில் கூப்பிட்டார்கள். முக்கால்வாசி முட்டைகள் பொரிந்திருந்தன. நானும் மனைவியும் நின்று பார்க்க, தீப்பெட்டி அளவுக் குஞ்சுகள் தத்தித் தத்திக் கடலில் இறங்கின. இவை வளர்ந்து முட்டையிட வரும்போது இந்த மணலாவது இங்கே இருக்குமா என்று இன்றும் அடிக்கடி யோசிக்கிறேன். எங்கள் சந்து வழியாக அதற்குப் பிறகு ஓர் ஆமையும் ஏறி வரவில்லை.