நெற்றிக்கு ஓர் ஈரத்துணி

தையல் ஆலையில் அவளை எல்லோரும் இஸ்திரி அக்கா என்பார்கள். வீட்டில் தம்பி மட்டும். அவனுக்கு மாற்றுச் சிறுநீரகம். உடம்பு அதை அந்நியமென்று தாக்காமலிருக்க, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை தினமும் வேண்டும். அது ஆலையின் மருத்துவ அட்டையில் கிடைக்கிறது. வேலை போனால் அட்டையும் போகும்.

ஊரில் காய்ச்சல் பரவியதும் ஆலை வாசலில் காவலாளி நெற்றிக்கு நேரே துப்பாக்கி மாதிரியான வெப்பமானியை நீட்டினான். சூடு காட்டினால் வீட்டுக்கு. மறுமுறை காட்டினால் வேலை இல்லை. அவளுக்குப் போன மாதமே ஒருமுறை காட்டிவிட்டது.

வரிசையில் ஓர் ஈரத்துணி கைமாறியது. நெற்றியைக் குளிர வைத்துக்கொண்டு உள்ளே போனார்கள். நிர்வாகம் இந்தச் சோதனையை ஒழுங்கு என்றது. நோயைச் சொன்னவருக்குத் தண்டனை என்றால், நோய் வாய் பேசாமல் உள்ளே நுழையத்தானே செய்யும்?

"அழுத்தித் தொடச்சுக்கோக்கா," என்று துணியை நீட்டினாள் வம்பு. பட்டன் தைப்பவள், பட்டப்பெயர் அது.

"உனக்கு எப்போலேர்ந்துடி காய்ச்சல்?"

"நாலு நாளாச்சு. என் மாமியாருக்கே தெரியல, இந்தத் துப்பாக்கிக்கா தெரியப்போவுது?"

நாலு நாளும் இருவரும் ஒரே டப்பாவில் சாப்பிட்டிருந்தார்கள். நேற்று முதுகு வலித்தபோது வேலை அலுப்பு என்று நினைத்துத் தம்பியின் பக்கத்திலேயே படுத்திருந்தாள். இப்போது புறங்கையால் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்; சுட்டது.

தம்பியின் டாக்டர் சொல்லியிருந்தார்: வைரஸ் புகுந்த செல் சும்மா சாகாது. இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே அனுப்பும். அது எட்டியதும் பக்கத்துச் செல்கள் வைரஸ் பெருக முடியாதபடி தங்களைப் பூட்டிக்கொள்ளும். இத்தகைய சேதிப் புரதங்கள் மூளையை எட்டுவதால்தான் காய்ச்சலே. "உங்க தம்பிக்குச் சேதி போனாலும் படை மெதுவாத்தான் எழும்பும்மா. சின்னக் காய்ச்சல்னாலும் உடனே வந்துடணும்."

துணியை அவள் வாங்கவில்லை.

"எனக்குக் காய்ச்சல். தள்ளி நில்லுங்க," என்றாள் உரக்க.

வரிசை சிதறியது. "வேலை போயிடும்க்கா, பைத்தியமா உனக்கு?" என்றாள் வம்பு. காவலாளி வெப்பமானியை நீட்டவே இல்லை, இரண்டடி பின்வாங்கினான்.

அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

"உடம்பு எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கேன்க்கா. தொண்டை மட்டும் காலையிலேர்ந்து கரகரங்குது."

"மாத்திரைப் பையை எடு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. எனக்காகக் காத்திருக்காத."

"அட்டை உன்கிட்ட இருக்கே?"

அட்டை அவள் கைப்பையில்தான் இருந்தது. அது இன்று செல்லுமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

"கொண்டு வரேன்," என்றாள்.