அவர் பெயரில் என் சிறுநீர்

என் தங்கை கணவர் கொடுக்க வேண்டிய சிறுநீரை நான் கொடுத்தேன். வளைகுடா வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் அவர் தேறியது அப்படித்தான். இப்போது மெல்பர்னில் மகள் வீட்டில் இருக்கிறேன். இங்கே கிளினிக்கில் நர்ஸ் ஒரு குப்பியைக் கொடுத்துக் கழிப்பறையைக் காட்டுவாள்; கதவருகே காவலுக்கு யாரும் நிற்பதில்லை. முதல் தடவை, "கூட யாரும் வரமாட்டீர்களா?" என்று கேட்டேன். கிழவனுக்கு நிற்கத் தெம்பில்லை போலும் என்று கைத்தாங்கலுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். ஏமாற்றுவதைப் பற்றிக்கூட யோசிக்கத் தெரியாதவர்கள் என்று இளக்காரமாக நினைத்தேன். என் புத்தி எங்கே போகும்?

அப்போது நான் துபாயில் கணக்கர். விடுப்பில் கீரனூர் வந்திருந்தேன். மாப்பிள்ளைக்கு டிரைவர் விசா தயார். முன்கூட்டியே திருச்சியில் சோதித்துப் பார்த்ததில் சர்க்கரை பார்டர் என்றார்கள். சிறுநீரில் புரதம் போகிறது என்றும் சொன்னார்கள்.

"மச்சான், கொஞ்ச நாளா நொரை நொரையா போவுது. டாக்டருகிட்ட காட்டிட்டு அப்பறம் போறேனே?"

"சக்கரையே இன்னும் வரலை, அதுக்குள்ள கிட்னியா? விசா போச்சுன்னா நொரையவா திம்பீங்க மாப்ளே?"

பக்கத்தில் நின்ற ஏஜென்ட் சிரித்தான். "படிச்சவங்க சொல்றாங்க, கேளுங்கண்ணே."

படித்தவன்! கசியக் கூடாதது கசிகிறது என்று புரியும் அளவுக்கு வேதியியல் படித்தவன்தான். மறுநாள் அவர் பெயர் ஒட்டிய குப்பியை நான் நிரப்பினேன். கதவருகே நின்றவனை ஏஜென்ட் கவனித்துக்கொண்டான்.

இங்கே தமிழ்ச் சங்க விருந்தில், மூன்றாவது ஜாங்கிரியை எடுத்தபடி ஒருவர் "பார்டர்தான் சார்" என்கிறார். எல்லையில் நிற்பவன்மேல் குண்டு படாது என்ற நினைப்பு! சர்க்கரை நோய் என்று பெயர் வைக்கும் முன்பே சிலருக்குச் சிறுநீரகம் கசியத் தொடங்கிவிடும். வலிக்காது, ஆகவே மூடர்களுக்கு அது நோயே இல்லை. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை சொல்லிவிடும். மாப்பிள்ளைக்கும் சொல்லத்தான் செய்தது. நான் அதன் வாயை அடைத்தேன்.

சில வருடங்களில் வீங்கிய கால்களோடு அவர் ஊர் திரும்பினார். இப்போது டயாலிசிஸுக்குத் திருச்சி பஸ் ஏறுகிறார். போன வருடம் ஊருக்குப் போய், தங்கையிடம் எல்லாவற்றையும் சொல்லி, என் சிறுநீரகத்தைத் தருகிறேன் என்றேன். அவள் எழுந்து உள்ளே போனாள். மருத்துவமனையில் என் வயதைச் சொல்லியே திருப்பி அனுப்பியிருக்கலாம். சோதித்துவிட்டு அனுப்பினார்கள். எனக்கும் சர்க்கரை பார்டர். என் சிறுநீரிலும் புரதம்.

மாப்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தார். "இப்ப யாரு ஒண்ணுக்கக் குடுத்து பாஸாகப் போறீங்க மச்சான்?"

ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம், நீங்கள் அதிர்ஷ்டசாலி என்கிறார் இங்குள்ள டாக்டர். மாத்திரை சாப்பிடுகிறேன், உப்பைக் குறைத்துவிட்டேன், கசிவு குறைந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு வந்து வாசலில் நின்ற அதிர்ஷ்டம் அது. நான் கிளினிக் போகும் நாளில் அவரே போனில் கூப்பிடுவார்.

"இன்னிக்காவது ஒங்க பேருல ஒங்களதக் குடுத்தீங்களா?"

கொடுத்தேன் என்பேன். அவர் சிரிப்புக்குப் பின்னால், தங்கை பாத்திரம் துலக்கும் சத்தம் கேட்கும். போனை வைக்க மனமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். "ஒங்கண்ணன் பேசுறாரு, வா" என்று அவர் குரல் கொடுப்பார். அந்தப் பாத்திரச் சத்தம் இன்னும் கொஞ்சம் பலமாகும்.