நாற்பத்தோராம் கல் நின்ற இடம்

மேகலாவின் வலது தோளில் ஒரு தழும்பு உண்டு. பர்கூரில் சிவில் இன்ஜினியரிங் முடித்த நாளிலிருந்து பதினாறு வருடமாக அளவைக் கருவியின் முக்காலியைச் சுமந்த தழும்பு. ஓசூரில் ஒரு தனியார் அளவை நிறுவனத்தில் வேலை. தொழிற்சாலை, லேஅவுட், நெடுஞ்சாலை என்று எத்தனையோ இடங்களை அளந்தவள். ஆனால் ஜவளகிரியில் அவள் போட்ட ஒரு கோடு மட்டும் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

வனத்துறைக்குக் காட்டு எல்லையைப் புதிதாகக் குறித்துத் தரும் வேலை அது. எல்லைக் கற்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் பழைய பதிவேட்டில் இருந்தன. அந்த எண்களை அப்படியே ஜிபிஎஸ் கருவியில் ஏற்றினாள். புதுக் கோடு, காட்டோரம் பயிர் செய்யும் கங்கப்பனின் முட்டைக்கோஸ் தோட்டத்தையும் கிணற்றையும் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது.

"கல்லு அங்க நிக்குதுங்க மேடம், உங்க கோடு இங்க வருதே!" என்று கங்கப்பன் கதறினார்.

"சாட்டிலைட் பொய் சொல்லாது அண்ணா" என்றாள் மேகலா. ஐயோ, அந்த ஒரு வார்த்தை! எத்தனை நாள் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது!

பிழை அவளுடையதுதான். பூமி சரியான உருண்டை இல்லை; துருவங்களில் தட்டை, நடுவில் புடைப்பு. அந்த உருவத்தை வெள்ளைக்காரன் காலத்தில் தரையிலே நீளம் அளந்து, குன்றுக்குக் குன்று கோணம் பார்த்துக் கணக்கிட்டார்கள். பழைய பதிவேட்டின் எண்கள் அந்தக் கணக்கில் எழுதியவை. இன்றைய செயற்கைக்கோள் கணக்கில் பூமி இன்னும் பெரிது. நடுக்கோட்டு ஆரம் மட்டும் எண்ணூறு மீட்டருக்கு மேல் கூடுதல், மையமும் வேறு. எண்களை மாற்றாமல் போட்டால் இந்தப் பக்கத்தில் புள்ளி இருநூறு மீட்டர் தென்கிழக்கே போய் விழும். கங்கப்பனின் கிணற்றுக்கும் அப்பால்.

இதைக் கண்டுபிடித்த அன்றே முதலாளி பூபதியிடம் ஓடினாள்.

"உலகம் உருண்டைன்னு மூணாங்கிளாஸ்ல படிச்சோம். அதுல உனக்கு இப்பதான் டவுட்டு வந்துச்சா?"

"ஒரே முட்டையை ரெண்டு பேர் ரெண்டு விதமா அளந்திருக்காங்க சார். நான் ரெண்டையும் கலந்துட்டேன்."

"முட்டைக் கதையெல்லாம் கேன்டீன்ல சொல்லு. ரிப்போர்ட் போயாச்சு, வெள்ளிக்கிழமை முடிவு பண்றாங்க. கல்லு மேலயே மெஷினை வெச்சு நிரூபி, அப்புறம் பேசு."

எத்தனை கடிதம்! எத்தனை வரைபடம்! யாரும் காது கொடுக்கவில்லை. வியாழக்கிழமை காலையில் முக்காலியோடு தளி பஸ் பிடித்து, அங்கிருந்து ஜவளகிரி போய்ச் சேர்ந்தாள்.

கங்கப்பனின் தோட்டத்தை ஒட்டிய நாற்பத்தோராம் எல்லைக் கல்லின் மேல் கருவியை வைத்தாள். கல் நிற்கும் இடத்துக்கும் அவள் தப்பாகக் குறித்த புள்ளிக்கும் நடுவே இருநூற்று ஆறு மீட்டர் வர வேண்டும். வந்ததோ இருநூற்று முப்பத்தேழு. மறுபடி வைத்தாள். முப்பத்தேழு. பேட்டரி மாற்றி வைத்தாள். அதே முப்பத்தேழு! கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அப்படியானால் அவள் கண்டுபிடித்ததும் பிழையா? அந்தக் கிணறு போய்த்தான் விடுமா?

மோர் கொண்டுவந்த மாரம்மா, கங்கப்பனின் மனைவி, மேகலாவின் முகத்தைப் பார்த்தாள். கணவன் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் சீறினாள். கங்கப்பன் தலையைச் சொறிந்தார்.

"அது வந்துங்க மேடம்... உங்க கோடு தோட்டத்துக்குள்ள வந்துச்சா... நாம கல்லைக் கொஞ்சம் காட்டுக்குள்ள தள்ளி நட்டா, கோடும் கூடவே தள்ளிப் போகும்னு..."

"எவ்வளவு தள்ளுனீங்க?"

"ஒரு நூறடி."

நூறடி. முப்பது மீட்டர். மேகலாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அந்தக் கல்லு ஒண்ணுதான் அண்ணா உங்களுக்குச் சாட்சி! அதைப் போய்..."

"சாட்டிலைட் பொய் சொல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப நானாச்சும் சொல்லணுமில்ல?" என்று அவரும் எகிறினார்.

லண்டானா புதருக்கு நடுவே பழைய குழி இன்னும் மூடாமல் கிடந்தது. அதன் மேல் முக்காலியை நிறுத்தினாள். எண்கள் ஓடி நின்றன. இருநூற்று ஐந்தரை!

கங்கப்பன் கடப்பாரையோடு வந்தார். "கல்லைத் திருப்பி நட்டுடறேன். யாருக்கும் தெரியாது."

"தொடாதீங்க! குழியும் கல்லும் இப்படியே இருக்கட்டும். நடந்ததை நாளைக்கு அதிகாரிகிட்ட நீங்களே சொல்லணும்."

"கேஸ் போடுவாங்க மேடம்!"

"போடுவாங்க. நானும் என் தப்பை எழுதித் தரேன். நீங்க தூக்குனது ஒரு கல்லு அண்ணா. நான் உங்க கிணத்தையே தூக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை வனத்துறை அதிகாரி வந்தார். குழியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மேகலாவின் தாள்களை மூன்று முறை புரட்டினார். கல்லும் கோடும் பழைய இடத்துக்கே திரும்பின. கல்லை நகர்த்தியதற்குக் கங்கப்பன் மேல் வழக்கு. இனி வெளி வேலை கிடையாது, ஆபீசோடு இரு என்று பூபதி போனிலேயே மேகலாவிடம் சொல்லிவிட்டார். பதினாறு வருட முக்காலி அன்றோடு அவள் தோளை விட்டு இறங்கியது.

கிளம்பும்போது கங்கப்பன் பஸ் வரை வந்தார். நன்றி சொல்லவில்லை.

"மேடம், இந்தப் பூமியை மறுபடியும் யாராச்சும் அளப்பாங்களா?"

"அளந்துக்கிட்டேதான் இருப்பாங்க அண்ணா."

"அப்ப என் கிணறு?"

மேகலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "கல்லை மட்டும் தொடாதீங்க" என்றாள்.