சோக்கை மட்டும் இழு

இது கட்டிவிட்ட கதை இல்லை. போன ஜனவரியில், டெல்லி ஜனக்புரியில், பகல் பத்து மணிக்கும் பனி விலகாத ஒரு நாளில் நடந்தது. நம்பாதவர்கள் சாந்தகுமாரியையே கேட்கலாம். அழாமல் அவளால் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

சாந்தகுமாரி நர்ஸ். அவள் கணவன் பெலிக்ஸ் ஒரு பழைய பெட்ரோல் டிரக் வைத்திருந்தான். பழைய வண்டி டெல்லியில் ஓடக்கூடாது என்றதும், அதைத் திண்டுக்கல்லுக்கே ஓட்டிப்போக அனுமதி வாங்கினான். புறப்பட்ட அன்றே நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டது. பானெட்டைத் தூக்கி, கார்புரேட்டரைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தவன் மேல், பனியில் கண் தெரியாமல் ஒரு லாரி மோதியது.

அவன் பிழைக்கவில்லை. வண்டிக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒரு வருடமாக வீட்டுக்குப் பின்னால் சந்தில் நின்றது. அன்று மதியம் அதை உடைக்க எடுத்துப்போகக் கிரேன் வர இருந்தது.

"போறதுக்குள்ள ஒரே ஒரு தடவை அது ஓடுற சத்தத்தக் கேக்கணும்," என்றாள் கொழுந்தன் பிராங்ளினிடம்.

அவன் புது பேட்டரி மாட்டினான். பெட்ரோல் ஊற்றினான். பிளக்கில் பொறி வந்தது. பெட்ரோலும் ஏறியது. ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. கார்புரேட்டரைத் திறந்தவன், உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தான்.

"உள்ள ஜெட்டே இல்ல அண்ணி. பெட்ரோல் வர்ற அந்தப் பித்தளைத் துண்டு. வெறும் ஓட்டைதான் இருக்கு. மெக்கானிக்கிட்ட வாங்கிட்டு வர்றேன்."

மூடியை வைத்துவிட்டுப் போனான்.

அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். தூக்கி நிறுத்திய பானெட் முன்பக்கத்தை மறைத்தது. சுற்றிலும் பனி. ஆள் நடமாட்டம் இல்லை.

ஃபூ...

யாரோ வாயால் ஊதும் சத்தம்.

ஃபூ... ஃபூ...

"அதுக்குள்ள வந்துட்டியா பிராங்ளின்?"

பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஸ்க்ரூ டிரைவர் திரும்பியது. க்ரிச்... க்ரிச்...

மடியில் போன் அடித்தது.

"அண்ணி, மெக்கானிக் வீட்லதான் இருக்கேன். ஜெட் கெடச்சிருச்சு. இப்பதான் கிளம்புறோம்."

க்ரிச்...

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"சாந்தா."

அவளை அப்படிக் கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தான்.

"ஆக்சிலேட்டர மிதிக்காத. சோக்க மட்டும் இழு."

டாஷ்போர்டில் இருந்த சோக் குமிழை இழுத்தாள். சாவியைத் திருப்பினாள்.

இன்ஜின் பிடித்தது.

திணறவில்லை. இருமவில்லை. சீராக ஓடியது. இறங்கி ஓடத்தான் நினைத்தாள். ஆனால் வாய்தான் திறந்தது.

"குளிருதாங்க?"

ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க... அங்க குளிருதா?"

இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"போதும் சாந்தா."

"இல்லங்க... இன்னும் கொஞ்ச நேரம்..."

நின்றது.

இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாள். யாரும் இல்லை. பனி மட்டும்.

பிராங்ளினும் மெக்கானிக்கும் வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இன்ஜின் சூடாக இருந்தது. மெக்கானிக் கார்புரேட்டரைத் திறந்துவிட்டுச் சிரித்தான்.

"இதுலதான் ஜெட் இருக்கே அண்ணே, புதுசு எதுக்கு?" என்று இந்தியில் கேட்டான்.

கழற்றிக் காட்டினான். துளை பளபளவென்று சுத்தமாக இருந்தது. திருகு மரையில் மட்டும் ஈரமண்.

கிரேன் வந்து வண்டியை இழுத்துப்போனது. மெக்கானிக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன அந்த ஜெட்டை அவள் கையிலேயே வைத்திருந்தாள். சாயங்காலம், சாப்பாட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்த பிராங்ளின் வாய் திறந்தான்.

"அண்ணன ஆஸ்பத்திரியில பாத்தப்ப வலது கை இறுக்கி மூடியிருந்துச்சு அண்ணி. விரலிடுக்குல பித்தளையா ஏதோ தெரிஞ்சுது. எவ்வளவோ பாத்தோம், பிரிக்க முடியல. நீங்க தாங்க மாட்டீங்கன்னு சொல்லல..."

அவன் அவள் கையிலிருந்த ஜெட்டைப் பார்த்தான்.

"அப்படியே வச்சுத்தான் புதைச்சோம்."