வலிக்காத கால்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் நோய் இருப்பது ஒரு காலத்தில் வெட்கமாக இருந்தது. தர்மிளா வந்த பிறகு அது பெருமையாகிவிட்டது. மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் குளிக்க நிற்கும் பெண்கள், "எனக்கு ஈரலாம்", "எனக்கு ரெண்டு கிட்னியுமாம்" என்று புது நகை வாங்கியவர்கள் மாதிரி சொல்லிக்கொண்டார்கள். எல்லாம் அவரவர் உள்ளங்கால் சொன்ன செய்தி.

தர்மிளா மேல் லயத்து வரிசை வீட்டில் பிறந்த பெண். பெந்தோட்டைப் பக்கம் ஒரு ஹோட்டலில் வெள்ளைக்காரர்களுக்குக் கால் பிடித்துவிடும் வேலை பார்த்தாள். அதற்கு ரிஃப்ளெக்ஸாலஜி என்று பெயர். அவளுடைய அம்மாவுக்கு அது வாயில் நுழையவில்லை. ரிசப்ஷன் என்பது நுழைந்தது, கௌரவமாகவும் இருந்தது. ஆகவே மகள் ரிசப்ஷனில் இருக்கிறாள் என்றே ஊருக்குச் சொல்லிவந்தார்.

பொருளாதார நெருக்கடியில் ஹோட்டலுக்கு ஆட்கள் வருவது நின்றது. தர்மிளா ஒரு துணிப்பையோடும் சுருட்டிய படத்தோடும் தெஹியோவிட்ட பஸ்ஸில் வந்து இறங்கினாள். படத்தில் இரண்டு பெரிய உள்ளங்கால்கள். அவற்றுக்குள் மூளை, இருதயம், இரைப்பை, குடல் என்று எல்லாம் வண்ணம் வண்ணமாக இருந்தன. அதை முன்னறைச் சுவரில், சாமி படங்களுக்குக் கீழே மாட்டினாள். என்ன இருந்தாலும் கால் அல்லவா, மேலே மாட்ட முடியாது.

வைத்தியம் இதுதான். உப்பும் எலுமிச்சைப்புல்லும் போட்ட வெந்நீரில் காலை ஊறவைப்பாள். துடைத்து, எண்ணெய் தடவி, கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே "வலிக்குதா?" என்று கேட்பாள். வலித்த இடத்தைப் படத்தில் பார்த்து உறுப்பின் பெயரைச் சொல்வாள். கூடவே, தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், வெற்றிலையைக் குறைக்க வேண்டும், நேரத்துக்குத் தூங்க வேண்டும் என்று புத்திமதியும் சொல்வாள். தலைவலி போய்விட்டது என்றார்கள் சிலர். நல்ல தூக்கம் வருகிறது என்றார்கள் பலர்.

எனக்கு அந்தப் படத்தில் நம்பிக்கை இல்லை. ஆனாலும் போனேன். ரப்பர் மலையில் ஏறி இறங்கிய என் கால்களை அதுவரை தேடி வந்தது அட்டை மட்டும்தான். ஒருத்தி தன் மடியில் வைத்து விரல் விரலாகத் துடைத்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? முதல் நாள் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வலி என்று சொல்லிச் சமாளித்தேன். இரைப்பை கெட்டிருக்கிறது என்றாள்.

அப்போதுதான் மூக்கையா வந்தார். ரப்பர் பால் வெட்டுகிறவர்களை மேய்க்கும் கங்காணியாக இருந்து ஓய்வு பெற்றவர். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பதாக ஆஸ்பத்திரியில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனால் கிளினிக்குக்குப் போனால், வேலைக்குப் பிந்தி வந்ததற்காகத் தான் ஒரு காலத்தில் ஏசித் திருப்பி அனுப்பிய பெண்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டும். அவர்களில் ஒருத்தி ஒருநாள், "என்னங்க கங்காணி, இன்னக்கி லேட்டாக்கும்?" என்று கேட்டுவிட்டாள். அன்றோடு அவர் போவதை நிறுத்தினார். மனைவி புஷ்பம்தான் போய்க் கெஞ்சி மாத்திரை வாங்கி வந்தார்.

மூக்கையா வைத்தியத்துக்கு வரவில்லை, சோதித்துப் பார்க்க வந்தார்.

"எங்க, எனக்கு என்ன நோவுன்னு சொல்லு பாப்போம்" என்று காலை நீட்டினார்.

"இங்க வலிக்குதுங்களா மாமா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லங்கறேன்ல."

தர்மிளா விரல் முட்டியால் அழுத்தினாள். கரண்டிக் காம்பால் அழுத்தினாள். மூக்கையா வெற்றிலை மென்றபடி கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரர்கள்கூட ஓரிடத்திலாவது கத்துவார்கள். தர்மிளா அசந்துபோனாள்.

"மாமா, ஒங்க ஒடம்புல ஒரு கொறையும் இல்லைங்க. இப்படி ஒரு கால நான் பாத்ததே இல்ல."

இரண்டாவதாகச் சொன்னது உண்மைதான்.

மறுநாளே மூக்கையாவின் தேநீருக்குச் சீனி திரும்பி வந்தது. மாத்திரைகள் பெட்டிக்குள் போயின. புஷ்பம் பதறிக்கொண்டு தர்மிளாவிடம் ஓடி வந்தார்.

"நெசமாவா புள்ள? அவருக்கு ஒண்ணுமே இல்லையா?"

"கால் பொய் சொல்லாதுங்க அத்தை" என்றாள் தர்மிளா.

அதன் பிறகு மூக்கையாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. கட்டெறும்புப் புற்றில் நின்றுகொண்டு கதை பேசுவார். நாங்கள் பதறிப்போய்ச் சுட்டிக்காட்டினால், "கடிக்குதா? எனக்குத் தெரியவே இல்லையே" என்று சிரிப்பார். நாங்களும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் புத்தி அவ்வளவுதான். சந்தேகப்படுகிறவர்களுக்குக் காட்டுவதற்காகத் தர்மிளாவும் அவரை அடிக்கடி கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

அப்படி ஒரு மழை நாளில் வெந்நீரின் நிறம் மாறியது. தர்மிளா அவருடைய வலது காலைத் தூக்கினாள். நாற்றம் அடித்தது. பெருவிரலின் அடியில் துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று புதைந்திருந்தது. பால் வடியும் சிரட்டையை ரப்பர் மரத்தில் கட்டிவைக்கிற கம்பி. வாசலில் கிடந்த அவர் செருப்பிலும் அதே இடத்தில் ஓட்டை இருந்தது.

"இது எப்ப குத்துச்சுங்க மாமா?"

"எது?" என்றார் மூக்கையா.

படத்தில் அந்த இடத்துக்கு மூளை என்று போட்டிருந்தது. யாருடைய மூளை என்று போட்டிருக்கவில்லை.

ஜஸீலின் ஆட்டோவில் அவரை ஏற்றிக்கொண்டு தர்மிளாவும் போனாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் காலை அங்கும் இங்கும் குத்திப் பார்த்து, வலிக்கிறதா என்று சிங்களத்தில் கேட்டார். "நே மஹத்தயா, கொஹெவத் நே" என்று மூக்கையா பெருமையோடு பதில் சொன்னார், எங்கேயும் இல்லையாம். டாக்டர் தர்மிளாவைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏக தமயி லெடே" என்றார். அதுதான் நோயே.

சீனி கூடிக் கால் மரத்துப்போயிருந்தது. இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னும் பிந்தியிருந்தால் முழங்காலோடு போயிருக்கும் என்றார்கள். புஷ்பம் ஏசியிருந்தால் தர்மிளாவுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். அவர் ஏசவில்லை. "கால் பொய் சொல்லாதுன்னியே புள்ள" என்று மட்டும் கேட்டார். தர்மிளா ஆஸ்பத்திரி வாட்டில் நின்றபடியே விம்மி அழுதாள்.

கொஞ்ச காலம் அவள் வீட்டில் வெந்நீர் கொதிக்கவில்லை. பிறகு மறுபடியும் தொடங்கினாள், ஆனால் வேறு சட்டத்தோடு. இப்போது முதலில் கண்ணை மூடச் சொல்கிறாள். கோழி இறகால் விரல் விரலாகத் தொடுகிறாள். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். தெரியாதவர்களுக்கு வெந்நீரும் இல்லை, எண்ணெயும் இல்லை, நேரே கிளினிக்தான். ஊர் முணுமுணுக்கிறது. "நோவுன்னு போனா காலப் புடிச்சு விடுது, நல்லாருக்கேன்னு சொன்னா ஆஸ்பத்திரிக்குத் தொரத்துது. இது என்னா வைத்தியம்?"

புண் ஆறியதும் மூக்கையா கம்பை ஊன்றிக்கொண்டு, புஷ்பத்தோடு வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"வலது கால விடு புள்ள. இடது கால் நல்ல கால். அதக் கொஞ்சம் புடிச்சு விடு" என்றார்.

"மொதல்ல கண்ண மூடுங்க மாமா."

மூடினார். கொஞ்ச நேரத்தில் முகம் மலர்ந்தது.

"ஆ, தெரியுது! பெருவெரல்லதான? நல்லாத் தெரியுது!"

தர்மிளா அப்போதுதான் துண்டைப் பிழிந்துகொண்டிருந்தாள். இறகு முக்காலியில் கிடந்தது. யாரும் சிரிக்கவில்லை.

"கண்ணத் தொறங்க மாமா" என்றாள் மெதுவாக.

மூக்கையா திறந்தார். துண்டைப் பார்த்தார், முக்காலியைப் பார்த்தார். "கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன் போல" என்றார். தோட்டத்தையே மிரட்டிய மனுஷன் பயந்ததை அன்றுதான் பார்த்தேன்.

தர்மிளா இறகை எடுத்து அவர் கண் முன்னாலேயே பெருவிரலைத் தொட்டாள். அடுத்த விரலைத் தொட்டாள். அவர் குனிந்து, யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சுண்டுவிரல்வரை போன பிறகுதான் தலையை நிமிர்த்தினார்.

"ஒரு தடவையாச்சும் வலிச்சாத் தேவலையே, புஷ்பம்" என்றார்.