கேட்டைப் பார்த்து நின்றவர்

ஒரு படத்தைக் காட்டி "இதில் யார் இல்லை?" என்று கேட்பதுதான் என் தொழில், சம்பளம் கிடையாது, ஓய்வும் கிடையாது. திருவொற்றியூரில், மூடிப்போன எங்கள் ஆலைக்கு எதிரே இருக்கிற தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில் ஞாயிறுதோறும் ஓவியமும் கதையும் பேசுகிறேன். கல்லூரிப் படிப்பு எனக்கில்லை. கேட் கூட்டங்களில் விற்ற சிறு வெளியீடுகளைப் படித்து, அங்கிருந்து பெரிய புத்தகங்களுக்குப் போனவன். யார் வரைந்தார், யாருக்காக வரைந்தார், யார் காசு கொடுத்தார் என்று கேட்டால் எந்தப் படமும் வாயைத் திறக்கும். கேட்க வந்தவர்களும் திறப்பார்கள், கொட்டாவிக்காக. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அடுப்பு மூட்டியவள்

ஒரு வாரம் பழைய நாவல் ஒன்றை எடுத்துக்கொண்டேன். பெரிய வீட்டுப் பெண், ஏழைப் பையன், மாடி ஜன்னல், கண்ணீர். கூடத்தில் நடப்பதை ஆசிரியர் நீண்ட நீண்ட வாக்கியங்களில் எழுதுகிறார். ஜன்னல் திரைக்கே அரைப் பக்கம். சமையலறை வந்ததும் இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார்: காபி வந்தது. யார் கொண்டுவந்தார்? காபிக்குக் கால் முளைத்ததா? அந்த வீட்டில் அடுப்பு மூட்டியவளுக்குப் புத்தகம் முழுக்க ஒரு பெயர் இல்லை. நடை என்பது அலங்காரமல்ல, யாரைப் பார்க்கிறோம், யாரைப் பார்க்காமல் விடுகிறோம் என்பதுதான் நடை என்று சொல்லி முடித்தேன். தொண்டை வற்றிவிட்டது.

சாத்தாங்காட்டில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் பஷீர் பாய் தவறாமல் வருகிறவர். அவர் கையைத் தூக்கினார். "எல்லாம் சரி தோழரே, அந்தப் பொண்ணு கடைசியில அவனோட சேந்துச்சா இல்லியா? மொதல்ல அதச் சொல்லிட்டு அப்புறம் அடுப்பாண்ட வா."

மணல் ஒட்டாத கால்

கல்மண்டபத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஏகாம்பரம் கடையில் புதுப் படம் மாட்டியிருந்தார். தலையில் மீன்கூடையோடு ஒரு பெண் கரையில் நிற்கிறாள். வழவழவென்று தீட்டிய படம். எனக்குப் பொறுக்கவில்லை. கூடை நிறைய மீன், கழுத்தில் ஒரு நரம்புகூடப் புடைக்கவில்லை. நிற்பது கடற்கரையில், காலில் ஒரு பொட்டு மணல் இல்லை. மீன் விற்றவள் வீட்டில் மாட்ட வரைந்ததல்ல இது, மீன் வாங்கியவர் வீட்டில் மாட்ட வரைந்தது என்றேன். வெளியே கண்டெய்னர் லாரிகள் நகராமல் உறுமிக்கொண்டிருந்தன. என் டீயின் மேல் புகைக்கரி வந்து படிந்தது.

ஏகாம்பரம் கிளாஸைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "காலைலேர்ந்து இந்தக் கலீஜத்தான் நைனா பாத்துகினு கீறேன். செவுத்துல ஒரு பொம்பள சுத்தமா நின்னா உனக்கு இன்னா பேஜாரு?"

மிச்சப் பெயிண்ட்

நான் குறை சொல்லாத படம் ஒன்று உண்டு. அது எங்கள் சங்கத்தின் தெருப்பக்கச் சுவரில் இருந்தது. வரைந்தவர் தாசன், ஆலையில் இயந்திரங்களுக்குப் பெயிண்ட் அடித்தவர். ஆலையைப் பூட்டிய பிறகு, கேட்டின் முன்னால் நாங்கள் நின்ற நிற்பை வரைந்தார். அவரிடம் இருந்தது டின்னில் மிஞ்சிய ரெட் ஆக்ஸைடும் சாம்பல் நிறமும்தான். அதனால் மனிதர்கள் துருவின் நிறம், வானம் சாம்பல். எங்கள் வானத்துக்கு வேறு நிறமும் கிடையாது. படத்தில் எல்லோருக்கும் முகம் உண்டு. யார் யாரென்று சொல்லிவிடலாம். நடுவில் ஒருவன் மட்டும் முகம் காட்டாமல், கேட் கம்பியைப் பிடித்தபடி ஆலையைப் பார்த்து நிற்கிறான். நமக்குத் தெரிவது அவன் முதுகுதான். தெருவில் போகிறவனும் அவன் பின்னால் வந்து வரிசையில் நின்றுவிடுகிறான், அதுதான் இந்தப் படத்தின் சூட்சுமம் என்று தாசனை வைத்துக்கொண்டே ஒரு ஞாயிற்றுக்கிழமை விளக்கினேன்.

கடைசிவரை கேட்டுவிட்டுத் தாசன் பீடியைப் பற்றவைத்தார். "நல்லாத்தான் சொல்ற தோழர். ஆனா அது நான். என் மூஞ்சிய நான் எங்க பாத்தேன்? கேட்டத்தான பாத்துகினு இருந்தேன்."

உறுதிமொழி

தாசன் இப்போது இல்லை. அவர் மனைவி செல்வி பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிறார். கடைக்குப் போகும்போது அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் போவார். போன வருஷம் ஒரு கம்பெனியின் செலவில் இந்தச் சாலைச் சுவர்களிலெல்லாம் ஓவியம் தீட்ட வந்தார்கள். எங்கள் சங்கச் செயலாளரும் சம்மதித்துவிட்டார். ஒழுகுகிற மாடிக் கூரையையும் சரிசெய்து தருகிறார்களாம். செல்வி என்னைத் தேடி வந்தார். "அண்ணா, அவரு வரைஞ்சதுன்னு இது ஒண்ணுதான் கீது. நீ பேசுனா கேப்பாங்க. இத மட்டும் உட்டுடச் சொல்லு."

பேசினேன். ஓவியப் பொறுப்பாளர் நிவேதா என்ற இளம்பெண், மரியாதையானவர். மிச்சப் பெயிண்டின் கதை, சாம்பல் வானம், தாசன் ஏன் தன் முகத்தை வரையவில்லை, எல்லாவற்றையும் வெயிலில் நின்று சொன்னேன். இத்தனை வருஷத்தில் அன்று பேசியதைப் போல் நான் பேசியதில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிர்வாகத்தின் உறுதிமொழிகள் எதுவும் பலித்து நான் பார்த்ததில்லை. இது ஒன்றுதான் பலித்தது. "கண்டிப்பா சார், இதை நாங்க அழிக்க மாட்டோம். இதுக்கு உயிர் கொடுப்போம்."

திருப்பி வைத்தார்கள்

கூடுதல் மரியாதையாக, செல்வியிடம் தாசனின் போட்டோ ஒன்று கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். வீட்டில் இருந்தது கல்யாணப் போட்டோ. சுவரைச் சுற்றிக் கட்டியிருந்த படுதாவை எடுத்த அன்று செல்வியும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். வானம் நீலமாகியிருந்தது. சட்டைகளுக்கு மஞ்சளும் பச்சையும் வந்திருந்தன. நடுவில் நின்றவரைத் தெருப்பக்கம் திருப்பி, தாசனின் முகத்தை வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளைச் சிரிப்பு, அச்சு அசல். யார் வரைந்தார், யாருக்காக, யார் காசு என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை; படம் தானாகவே சொல்லிக்கொண்டிருந்தது. கூட்டம் கைதட்டியது. நிவேதா எங்கள் பக்கம் வந்து, பிடித்திருக்கிறதா என்று செல்வியைக் கேட்டார்.

செல்வி தலையாட்டினார், அந்தப் பெண்ணின் மனம் நோகக் கூடாதென்று. நிவேதா நகர்ந்ததும் செல்வி சுவரைப் பார்த்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "என்னப் பாத்து சிரிச்சிகினு கீறாரு அண்ணா. நல்லாத்தான் கீது. இனிமே கேட்ட யாரு பாக்கறது?"

இத்தனை காலம் படத்துக்கும் கதைக்கும் அர்த்தம் சொன்னதில் நான் கண்ட பலன், மழைக்கு ஒழுகாத ஒரு மாடிக் கூரை.