அன்னதானத்துக்கு வந்த ரைஸ் குக்கர் பானை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மதியம். பெர்மாஸ் ஜெயாவில் எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கும் அம்மன் கோயிலில் நடந்தது இது. நினைத்தால் இன்றைக்கும் தனியாகச் சிரிப்பேன்.

அப்போது தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதியில் சுற்றுச்சூழல் நிர்வாகத்தில் முதுகலை படித்தேன். நாற்பது வயதுக்கு மேல் எதற்கு இந்த வேண்டாத வேலை என்று கேட்காத சொந்தக்காரர்கள் இல்லை. கொள்கை வகுக்கும் பாடத்தில் எங்கள் விரிவுரையாளர், ஒரு சீனப் பெண்மணி, ஒரு வேலை கொடுத்தார். ஏதாவது ஓர் இடத்தில் புது விதி ஒன்றை உண்மையிலேயே நடத்திக் காட்ட வேண்டும். அதில் தேறினால்தான் பட்டம்.

நான் கோயில் அன்னதானத்தைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்து வழக்கம் தெரியும்தானே, வீட்டுக்கு ஒரு ‘புங்குஸ்’, அதாவது சாப்பாட்டுப் பொட்டலம், கட்டாமல் யாரும் கிளம்பமாட்டார்கள். எல்லாம் பாலிஸ்டைரின் பெட்டியும் பிளாஸ்டிக் பையும்தான். திருவிழா முடிந்தால் வாசலெல்லாம் குப்பை. இனிமேல் பெட்டியும் பையும் கிடையாது, அவரவர் பாத்திரம் கொண்டு வாருங்கள் என்பதுதான் என் விதி. கோயில் தலைவர் தயங்கினார். இங்கே யாரும் வெறும் வயிற்றோடு திரும்பியதில்லை, அந்தப் பேர் கெட்டுவிடக் கூடாதே என்பது அவர் கவலை. நான் பொறுப்பு என்று வீறாப்பாகச் சொல்லிச் சம்மதம் வாங்கினேன்.

அன்று வரிசையைப் பார்த்துப் பூரித்துப்போனேன். ஒரு கையில்கூட பிளாஸ்டிக் பை இல்லை. பார்க்க வந்திருந்த விரிவுரையாளருக்கும் முகமெல்லாம் சிரிப்பு. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பாத்திரங்களின் அளவைக் கவனித்தேன். நாலடுக்கு டிபன் கேரியர், ஐஸ்கிரீம் வாளி, பிஸ்கட் டின். சொந்தப் பாத்திரம்தானே, நிரப்பினால் என்ன என்று எல்லாருக்கும் ஒரே நினைப்பு. முன்பெல்லாம் ஆளுக்கொரு பெட்டியோடு நின்றது. நான் பெட்டியை எடுத்தபோது அளவையும் சேர்த்து எடுத்துவிட்டேன். போதாததற்கு, எங்கள் வீட்டு ரைஸ் குக்கர் பானையை ஏந்திக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். என் கணவர்.

காலியான சோற்று அண்டாவின் அடியில் கரண்டி தட்டும் சத்தம் கேட்டது. அதே நேரம் ஞாயிறும் வேலைக்குப் போன தொழிற்சாலைப் பெண்கள், சீருடையோடு வந்து வரிசையின் கடைசியில் நின்றார்கள். பட்டம் போனால் போகட்டும், பசியோடு வந்தவர்களை அம்மன் வாசலிலிருந்து என்ன சொல்லி அனுப்புவது?

நிரம்பிய பானையோடு நழுவப் பார்த்த கணவரை ஓடிப்போய் மறித்தேன்.

“ஏங்க, அத மேசையில வைங்க. வேலை முடிஞ்சி வந்தவங்களுக்குச் சோறு இல்ல.”

அவருக்கு அசடு வழிந்தது. திரும்பிப் போய்ப் பானையை மேசையில் வைத்தார். பிறகு கோயிலே கேட்கும்படி, “நம்ம பானைய வச்சாச்சு லா. எல்லாரும் இங்கயே உக்காந்து சாப்பிடலாம், வாங்க” என்றார்.

முதலில் நாலடுக்கு கேரியர் திறந்தது. பிறகு ஒவ்வொன்றாக மூடிகள் கழன்றன. பாதி வழி போன ஒரு குடும்பம், போனில் சேதி கேட்டு, காரைத் திருப்பிக்கொண்டு ஐஸ்கிரீம் வாளியோடு வந்தது. வேலை முடிந்து வந்தவர்களுக்கு முதல் பந்தி. பொட்டலத்தோடு ஓடுகிற எங்கள் ஜனங்கள், அன்று வாழை இலை போட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கதையடித்துக்கொண்டே சாப்பிட்டார்கள். தலைவரே பாயசம் ஊற்றினார். விதி ஒரு பக்கம் அடைத்தால் ஜனங்கள் இன்னொரு பக்கம் வழி கண்டுபிடிப்பார்கள் என்று வகுப்பில் படித்தோமே, அதைப் பானையோடு பார்த்துவிட்டேன் என்று விரிவுரையாளர் சிரித்தார். நடந்ததை நடந்தபடியே எழுதிக் கொடுத்தேன், தேறிவிட்டேன். இப்போது எங்கள் கோயிலில் பந்திதான் முதலில், புங்குஸ் அதற்குப் பிறகு.

இன்றும் வேலையிடத்தில் எந்தப் புது விதி எழுத உட்கார்ந்தாலும், ரைஸ் குக்கர் பானையோடு என் கணவரை மனதுக்குள் வரிசையில் நிறுத்திக்கொள்கிறேன். அவர் அதை எப்படி நிரப்புவார், கேட்டால் எவ்வளவு சுலபமாகத் திருப்பி வைப்பார், இரண்டையும் யோசித்த பிறகுதான் பேனாவை எடுக்கிறேன்.